பாலிக் பூலாவ் அடுப்படி

பினாங்கின் சாப்பாட்டு வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் காவடித் தண்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் ஆண்கள், தண்டின் ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறுமுனையில் குழம்புப் பானைகளுமாகத் தூக்கி வந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற கதை அது. நாசி கண்டார் இன்று உலகமெல்லாம் பேர் வாங்கிவிட்டது. நானும் அந்தச் சமூகத்துப் பெண்தான். அந்தக் கதையில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் தெருவில் விற்ற சோற்றுக்குக் கிடைத்த வரலாறு வீட்டுக்குள் ஆக்கிய சோற்றுக்குக் கிடைக்கவில்லை. என் தாயைப் பெற்றவர் மலாய்க்காரப் பெண். பினாங்குத் தீவின் மேற்குப் புறத்தில், பாலிக் பூலாவைத் தாண்டி வயல்வெளி ஓரமாக இருந்த ஒரு கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, வீட்டில் வாழ்நாளெல்லாம் சமைத்தவர். எங்களுக்கு அவர் தோக். அவர் சமையலுக்குக் கடையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. அதனாலேயே அவரைப் போன்றவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை என்று நினைக்கிறேன்.

தோக்கை மணந்த என் பாட்டனார் இராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து இளைஞராக வந்தவர். தோக்வான் என்று அவரை அழைப்போம். ஜார்ஜ்டவுன் சூலியா தெருவில் மல்லி, சீரகம், சோம்பு, காய்ந்த மிளகாய் விற்கும் மளிகைக் கடை வைத்திருந்தார். இப்படி ஒரு கல்யாணம் பினாங்கில் புதிதல்ல. 1786-இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைப்பற்றியபோதே, எதிர்க்கரையில் கெடாவில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இருந்தார்கள். நம் முன்னோர் கடாரம் என்று சொன்ன மண் அது. 1801-இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழும்பிவிட்டது. வந்த ஆண்கள் இங்கேயே மலாய்ப் பெண்களை மணந்தார்கள். அந்தப் பிள்ளைகளை ஜாவி பெரானாக்கான் என்றும் ஜாவி பெக்கான் என்றும் அழைத்தார்கள். 1876-இல் சிங்கப்பூரில் வெளிவந்த முதல் மலாய்ச் செய்தித்தாளுக்கே ‘ஜாவி பெரானாக்கான்’ என்றுதான் பெயர். மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லாவின் நூல்களைப் படித்தவர்களுக்குத் தமிழும் மலாயும் ஒரே வீட்டில் புழங்கியது வியப்பாக இருக்காது. ஜாவி பெரானாக்கான் மனிதர்கள் பத்திரிகை நடத்தினார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள், நீதிமன்றத்தில் மொழிபெயர்த்தார்கள். இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. அவர்கள் வீட்டில் அன்றன்றைக்கு என்ன கொதித்தது என்பதற்கு நாம் அடுப்படிக்குத்தான் போக வேண்டும்.

தோக்கின் அடுப்படி வீட்டின் பின்பக்கம், மற்ற அறைகளைவிட ஒரு படி தாழ்வாக, மரத்தூண்கள்மேல் நின்றது. தரைப் பலகைகளுக்கு நடுவே விரற்கடை இடைவெளி இருக்கும். கழுவிய தண்ணீரெல்லாம் அதன் வழியே கீழே போய்விடும், கோழிகள் அங்கே காத்திருக்கும். மண் நிரப்பிய மரச்சட்டத்தின்மேல் அடுப்பு. அதன் பக்கத்தில் மூன்று சாமான்கள்: மசாலா அரைக்கிற பத்து கிலிங், இடிக்கிற கல் லெசுங், தேங்காய் துருவுகிற கூக்கோர். பத்து கிலிங் நம் அம்மியும் குழவியும்தான். நகரத்தில் என் தந்தை, அத்தாவின் வீட்டில் இருந்த அம்மிக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. கூக்கோர் என்பது சின்ன மணை, அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு நாக்கு. அதன்மேல் காலை மடித்து உட்கார்ந்து தோக் தேங்காய் மூடியைத் திருப்புகிற வேகத்துக்கு எங்கள் பார்வை ஈடுகொடுக்காது.

அரைப்பதற்கு ஒரு வரிசை உண்டு. நார் உள்ளவை முதலில்: எலுமிச்சைப்புல் தண்டு, பேரரத்தை, மஞ்சள் கிழங்கு. அப்புறம் ஊறவைத்த காய்ந்த மிளகாய், பூண்டு, இஞ்சி. தண்ணீர் விடுகிற சின்ன வெங்காயம் கடைசியில். முதலிலேயே வெங்காயத்தை வைத்தால் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும், நார் மசியாது. சுட்ட பிளாச்சான் துண்டு எல்லாவற்றுக்கும் பிறகு. கூனிறாலை உப்புப் போட்டு வெயிலில் காயவைத்து இடித்துப் புளிக்கவைத்த அந்தக் கட்டியை, கம்பியில் குத்தித் தணலில் வாட்டும்போது கம்பம் முழுக்கத் தெரியும், இந்த வீட்டில் இன்றைக்குச் சம்பால் என்று. அரைத்த மசாலாவை எண்ணெயில் போட்டு வதக்கும்போது அம்மா அவசரப்படுவார். தோக் விடமாட்டார். “எண்ணெய் இன்னும் வெளியே வரல, பொறு” என்பார். மசாலா தான் குடித்த எண்ணெயைத் திரும்பக் கக்கி, ஓரமெல்லாம் சிவப்பாக மின்னுகிற வரை கரண்டி நிற்காது. பச்சை வாடை போகாத மசாலாவில் தேங்காய்ப்பாலை ஊற்றினால் எத்தனை மணி நேரம் கொதித்தாலும் அந்தக் குழம்பு சரிவராது. இன்றைக்கும் ஒரு வீட்டில் மலாய்க் குழம்பு சாப்பிட்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

தேங்காய்ப்பால் எடுப்பதிலும் அதே கறார். தண்ணீர் அதிகம் சேர்க்காமல் முதலில் பிழிகிற கெட்டிப்பால் தனிச் சட்டியில். சுடுதண்ணீர் விட்டுப் பிசைந்து எடுக்கிற இரண்டாம் பால் இன்னொரு சட்டியில். இரண்டாம் பாலில்தான் மீனோ கறியோ காயோ வேகும். கெட்டிப்பால் இறக்கப் போகிற நேரத்தில். இது தமிழ்நாட்டுக் கரையோரத்திலும் யாழ்ப்பாணத்திலும் தெரிந்த முறைதான். ஆனால் தேங்காயின் மூன்றாவது வடிவம் ஒன்று மலாய் வீட்டில் உண்டு. அதைத்தான் அந்தச் சமையலின் உயிர் என்பேன்: கெரிசிக்.

துருவிய தேங்காயை எண்ணெய் இல்லாமல் இரும்புச் சட்டியில், சின்னத் தணலில் வறுக்க வேண்டும். முதலில் ஈரம் போகும், ஆவி வரும். பிறகு வெள்ளை மங்கும். அதற்கு மேல் கரண்டியை ஒரு நொடி நிறுத்த முடியாது. ஓரத்துத் துருவல் ஒன்று கருகினாலும் சட்டி முழுக்கக் கசப்பு ஏறிவிடும். நிறம் வெல்லம் போல் ஆனதும், ஆற விடாமல் சூட்டோடு லெசுங்கில் கொட்டி இடிக்க வேண்டும். சூடு இருக்கும்போதுதான் எண்ணெய் கசியும். முதல் இடிகளில் தூளாக இருப்பது, இடிக்க இடிக்க ஈரமாகி, பளபளப்பாகி, கடைசியில் உலக்கையோடு ஒட்டிக்கொண்டு வருகிற கரும்பழுப்பு விழுதாகும். அதில் ஒரு கரண்டி விழுந்தால் குழம்புக்குக் கனம் வந்துவிடும். உலக்கையில் ஒட்டியதை வழித்து, கொஞ்சம் சீனி தொட்டு எங்கள் வாயில் வைப்பார் தோக். ஒரு கட்டி இறைச்சி, அதாவது இன்றைய கணக்கில் ஏறக்குறைய 600 கிராம், ரெண்டாங் என்னும் இறைச்சி வறுவலுக்கு எடுத்தால் பாலுக்கு இரண்டு தேங்காய், கெரிசிக்குக்கு அரைமூடி. இதுதான் வீட்டுக் கணக்கு.

இந்தத் தேங்காயும் மீனும் மண்ணுக்கு உரியவை. மற்றதெல்லாம்? அங்கேதான் கதை கடலுக்குப் போகிறது.

15-ஆம் நூற்றாண்டில் சீனக் கப்பற்படையோடு மலாக்காவுக்கு வந்த மா ஹுவான், அங்கே மண் வளம் குறைவு, நெல் விளைச்சல் சொற்பம் என்று எழுதினார். மரத்திலிருந்து எடுத்த மாவை உருட்டிக் காயவைத்து மக்கள் சாப்பிட்டதையும் குறித்தார்; சவ்வரிசிக்கு மூலமான சேகோ அது. 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்த கையோடு அங்கே தங்கியிருந்த தோமே பிரஸ், சயாமிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் பெகுவிலிருந்தும் அரிசி கப்பலில் வந்து இறங்குவதை விவரித்தார். சோறே கப்பலில் வந்த ஊர் அது. மிளகாய் அதற்கும் பிந்தியது. அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துக்கீசியர் கடல்வழி பிடித்த பிறகு 16-ஆம் நூற்றாண்டில்தான் இந்தப் பக்கம் பரவியது. அதற்கு முன் இந்த வட்டாரத்து அடுப்புகளில் காரம் என்றால் மிளகும் திப்பிலியும் இஞ்சியும்தான். மிளகாய் இல்லாத சம்பாலை இன்றைக்கு நினைத்துப் பார்க்க முடிகிறதா? ஆனால் மலாக்கா சுல்தான்களின் பொற்காலம் முழுக்க அந்தச் செடியை யாரும் கண்டதில்லை.

இதைவிட என்னை அசர வைத்தது பச்சை இலைகளின் கதை. மலாய் உணவில் எது மிகப் பழையது என்று கேட்டால் யாரும் ஊலாமைச் சொல்வார்கள். சமைக்காத இலைகளையும் கொழுந்துகளையும் காய்களையும் சம்பால் பிளாச்சானில் தொட்டுச் சாப்பிடுவது. காட்டோடும் தோட்டத்தோடும் ஒட்டிய பழக்கம் என்பதில் சந்தேகமில்லை. வல்லாரை, சிறகு வைத்த அவரை, பெத்தாய், ஜெரிங் எல்லாம் அந்தத் தட்டில் உண்டு. ஆனால் அதே தட்டில் தோக் தவறாமல் வைக்கிற இரண்டு இலைகள், முந்திரிக் கொழுந்தும் ஊலாம் ராஜாவும். முந்திரி பிரேசில் நாட்டு மரம். ஊலாம்களுக்கே ராஜா என்று பேர் வைத்த அந்தச் செடியும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்ததே. கடல் கடந்து வந்த விதையை எந்த வணிகர் கொண்டுவந்தார், எந்த நூற்றாண்டில் என்றெல்லாம் ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதன் கொழுந்தைக் கிள்ளி, வாயில் போட்டுப் பார்த்து, துவர்ப்பு இருக்கிறது, இது பிளாச்சானோடு சேரும் என்று முதலில் தீர்மானித்தவர் யார்? ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் துணிபு. கப்பல் கொண்டுவந்தது கணக்கேடுகளில் இருக்கிறது. வந்ததை என்ன செய்வது என்று முடிவுசெய்தவை இந்த அடுப்படிகள்.

நோன்பு மாதத்தில் தோக் செய்கிற நாசி ஊலாம் அந்த முடிவுகளின் கூட்டுத்தொகை. காலையிலேயே சோற்றை வடித்து, தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடுவார். சூடான சோற்றில் இலை பட்டால் கறுத்துப்போகும். மத்தியானத்துக்கு மேல் இலை நறுக்கல். மஞ்சள் இலை, காஃபிர் எலுமிச்சை இலை, கெசும், வெற்றிலைக்குச் சொந்தமான காடோக், கச்சோல இலை, முந்திரிக் கொழுந்து. இவற்றை அடுக்கிச் சுருட்டுப் போல் இறுக்கிச் சுற்றி, விரல் நகத்தைக் கத்திக்கு அணையாகக் கொடுத்துச் சீவுவார். தலைமுடி தடிமன்தான் இருக்கும். கத்தி மழுங்கியிருந்தால் இலை நசுங்கி நீர்விடும். அதனால் நோன்பு தொடங்குமுன் கத்தி தீட்டுவது தோக்வானின் பொறுப்பு. பிறகு புங்கா கந்தான் மொட்டு, எலுமிச்சைப்புல், சின்ன வெங்காயம், எல்லாம் அதே தடிமனில். சுட்ட கெம்போங் மீனை முள் நீக்கி உதிர்த்து, மிளகுப்பொடியும் கெரிசிக்கும் உப்பும் சேர்த்து, கையால் பிரட்டுவார். இந்தச் சோற்றில் மிளகாயே கிடையாது. காரத்துக்கு மிளகு மட்டும். மிளகாய்க்கு முந்திய காலத்துச் சுவையின் சாயல் இதில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். நோன்பு திறக்கக் கம்பத்துப் பள்ளிவாசலிலிருந்து பீப்பாய் முரசு கேட்கும்போது முதலில் பேரீச்சம்பழம், அப்புறம் தோக்வான் ஊர்ப் பழக்கத்துக்கு நோன்புக் கஞ்சி, அதன் பிறகு இந்தச் சோறு.

தோக்வானின் கடை அந்த அடுப்படிக்குக் கொடுத்தது சின்ன விஷயமல்ல. மல்லியும் சீரகமும் சோம்பும் மலாயா மண்ணில் விளைகிற சாமான்கள் அல்ல; கடல்தாண்டி வந்தவை. மலாய்க் குழம்பு மசாலாவின் முதுகெலும்பே அவைதான். தோக்கின் கணக்கு மல்லி நாலு பங்கு, சோம்பு இரண்டு, சீரகம் ஒன்று. இவற்றோடு பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ என்ற நால்வர் கூட்டணி. மலாய் வீடுகளில் அவர்களை நான்கு தோழர்கள் என்றே சொல்வார்கள். பாலிக் பூலாவ் மலையில் கிராம்பும் ஜாதிக்காயும் காய்க்கின்றன. கம்பெனிக்காரர்கள் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கொண்டுவந்து பயிரிட்ட மரங்களின் வழி அவை. 1860-களில் நோய் விழுந்து ஜாதிக்காய்த் தோட்டங்கள் அழிந்தன, பிறகு ஓரளவு மீண்டன. வெள்ளைக்காரர்களுக்கு வேண்டியது கொட்டையும் பத்திரியும். கம்பத்துப் பெண்கள் அவர்கள் எறிந்த பழச்சதையைச் சீனிப்பாகிலும் உப்பிலும் ஊறப்போட்டார்கள். இன்றைக்குப் பினாங்குக்கு வருகிற சுற்றுலாப் பயணிகள் பொட்டலம் பொட்டலமாக வாங்கிப் போகிறது அந்தச் சதையைத்தான்.

கல்யாண வீட்டுக் குர்மாவும் டால்ச்சாவும் எங்கள் பக்கத்திலிருந்து மலாய் வீடுகளுக்குப் போயின. எதிர்த்திசையில், எங்கள் பக்கத்து மீன் குழம்பில் எலுமிச்சைப்புல்லும் புங்கா கந்தானும் நுழைந்தன. புளிக்குப் பதில் காய்ந்த அசாம் கெலுகோர் வில்லை போட்டுத் தமிழ் மீன் குழம்பு வைக்கிற வீடு இராமநாதபுரத்தில் இருக்காது, பினாங்கில் உண்டு. எங்கள் அம்மா வைத்தார். நான் வைக்கிறேன்.

1941 டிசம்பரில் இதெல்லாம் நின்றுபோனது. 8-ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 11-ஆம் தேதி ஜார்ஜ்டவுன்மீது குண்டு விழுந்தது. கடைத்தெருவிலிருந்து ஜனங்கள் தீவின் உட்பகுதிக்கு ஓடினார்கள். 19-ஆம் தேதி பினாங்கு ஜப்பானியர் கையில். போருக்கு முன் மலாயா சாப்பிட்ட அரிசியில் பாதிக்கு மேல் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. கப்பல் நின்றதும் சோறு நின்றது. தோக்வான் கடையைப் பூட்டிவிட்டுக் கம்பத்து வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மாவுக்கு அப்போது ஏழு வயது. மாதம் போகப் போக ரேஷன் அரிசி குறைந்தது, ஜப்பானியர் வெளியிட்ட வாழைமர நோட்டின் மதிப்பு அதைவிட வேகமாகக் குறைந்தது. முற்றத்தில் இருந்த செம்பருத்தியைப் பிடுங்கிவிட்டு, வேலி ஓரம், கிணற்றடி, வரப்பு என்று வெறும் மண் தெரிந்த இடமெல்லாம் மரவள்ளி நட்டார் தோக்.

அந்த மூன்றரை வருஷத்தைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. பேசியதெல்லாம் சமையலாகத்தான் இருக்கும். கிழங்கை அரிசி அளவுக்குப் பொடியாக நறுக்கி ஒரு பிடி அரிசியோடு வேகவைத்தால் பிள்ளைகளின் கண்ணுக்குச் சோறு மாதிரித் தெரியும். கொழுந்தைத் தேங்காய்ப்பாலில் போட்டால் குழம்பு. கசப்புக் கிழங்கைத் துருவிப் பிழிந்து தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், நன்றாக வேகவைக்க வேண்டும், இல்லாவிட்டால் விஷம். உப்புக்குக் கடல்தண்ணீரைக் காய்ச்சினார்கள். வீட்டில் ஒரு குழந்தை அந்தக் காலத்தில் இறந்தது. அதைத் தோக் சொல்லி நாங்கள் கேட்டதில்லை, அம்மா சொன்னார். போர் முடிந்து அரிசி வந்த பிறகு மரவள்ளிக் கொழுந்துக் குழம்பு வீட்டில் தங்கிவிட்டது. வெந்த கிழங்கை மட்டும் விருந்தாளிக்கு வைக்கத் தோக் கடைசிவரை சம்மதிக்கவில்லை. ஆனால் ஹரி ராயா வந்தால் அதே கிழங்கைத் துருவி, முட்டையும் சீனியும் கெட்டிப்பாலும் சேர்த்து, மேலும் கீழும் தணல் போட்டுப் பிங்கா சுடுவார். பிங்கா போருக்கு முன்பே இருந்த பலகாரம். சீனியும் முட்டையும் திரும்பி வந்ததன் அடையாளமாக அவர் அதைச் செய்தார் என்று இப்போது தோன்றுகிறது.

போருக்குப் பிந்திய அடுப்படியில் நான் பிறந்து வளர்ந்தேன். அளவைக்குக் காலியான பால் டின் வந்திருந்தது. சுப்பாக்கும் கந்தாங்கும் பழைய மலாய் அளவைகள், நாலு சுப்பாக் ஒரு கந்தாங். பெரியவர்கள் நெல்லுக்கு அதைத்தான் சொல்வார்கள். சமையலுக்கு டின். ஓர் ஆளுக்கு ஒரு டின் அரிசி என்றால் மிஞ்சும், முக்கால் டின் என்றால் சரியாக இருக்கும். மலாக்காவில் 1935-இல் மலாய்ப் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கிய பிறகு, அங்கே மனையியல் படித்து வந்த ஆசிரியைகள் கம்பத்துப் பள்ளிகளில் கப், கரண்டி கணக்கைச் சொல்லிக்கொடுத்தார்கள். அம்மா அப்படித்தான் கேக் கற்றார். தோக் அதை ஆர்வமாக வேடிக்கை பார்ப்பார். தன் குழம்புக்கு மட்டும் கண்ணும் மூக்கும் போதும் என்பார்.

பெருநாள் சமையலைச் சொல்லாமல் விட முடியாது. வடக்கே எங்கள் பக்கம் கெத்துப்பாட் என்றால் பாலாஸ் ஓலையில் முக்கோணமாக மடித்த பசையரிசி; தெற்கே தென்னங்குருத்தில் சதுரமாகப் பின்னுவார்கள். தோக்கின் ரெண்டாங் சற்று ஈரமானது. பேராக்கின் ‘ரெண்டாங் தோக்’ என்ற வகை கறுத்து வறண்டிருக்கும். நெகிரி செம்பிலானுக்குச் சுமத்ராவிலிருந்து மினாங்கபாவ் மக்கள் பல தலைமுறைகளுக்கு முன் கொண்டுவந்தது வேறு வகை, காந்தாரி மிளகாய் போட்டது. எது அசல் என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. நான் அந்தச் சண்டைக்கு வரவில்லை. மணிக்கணக்கில் கிளறி நீர் முழுக்க வற்றி, தேங்காயின் எண்ணெயிலேயே இறைச்சி வறுபட்டால் அது குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் நாள்கணக்கில் இருக்கும். அந்தத் தேவையிலிருந்து பிறந்த பண்டம் அது. பினாங்கு அந்நாளில் ஹஜ்ஜுக் கப்பல்களின் துறைமுகமாக இருந்தது. 1808-இல் கட்டிய லெபு ஆச்சே பள்ளிவாசலைச் சுற்றி, வடமாநிலங்களிலிருந்து வந்த யாத்திரிகர்கள் கப்பலுக்காகக் காத்திருப்பார்கள். ஜித்தா போய்ச் சேர வாரக்கணக்காகும், சாப்பாட்டை அவரவர் கட்டிக்கொண்டு போக வேண்டும். தோக்கின் தாயார் உறவினர் பயணத்துக்கு இறைச்சியை நாராகப் பிய்த்து, தேங்காயோடு வறுத்து, டின்னில் அடைத்துக் கொடுப்பாராம். சிரண்டிங் என்று இன்று கடைகளில் பாக்கெட்டில் தொங்குகிறது.

பெருநாளன்று கம்பத்தில் யாரும் தன் வீட்டுச் சமையலை மட்டும் சாப்பிட்டதில்லை. தட்டில் வைத்து, கூம்புப் பிரம்பு மூடி போட்டு, பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புவார்கள். தட்டு வெறுமையாகத் திரும்பாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது இருக்கும். சாலையோரத்துத் தமிழ்க் குடும்பத்துக்குப் போன கெத்துப்பாட் தட்டு தீபாவளிக்கு முறுக்கோடு வரும். இந்தத் தட்டுகள் வழியாகத்தான் குறிப்புகளும் வீடு மாறின. “அவங்க வீட்டுப் பாச்செரியில என்ன போட்டிருக்காங்கன்னு கேட்டுட்டு வா” என்று அம்மா என்னை அனுப்பியிருக்கிறார். அன்னாசியை வறுத்த தேங்காயிலும் மசாலாவிலும் வேகவைத்தது அது.

வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதிவைத்ததைப் படித்திருக்கிறேன். 1909-இல் வின்ஸ்டட் மலாய் வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூலில் வீடு, உடை, உணவு எல்லாம் வருகின்றன. தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக்கும் வருகிறது. அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். என்ன தின்றார்கள் என்று அதில் தெரிகிறது. ஆக்கியவளின் கை அதில் இல்லை. நம் காலத்திலும் இது பெரிதாக மாறவில்லை. 2005-இல் தேசிய மரபுச் சட்டம் வந்து உணவுகளும் மரபுப் பட்டியலில் ஏறின. 2024-இல் மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நல்ல காரியங்கள். ஆனால் பட்டியலில் நாசி லெமாக் என்று ஒரு பெயர் இருப்பதால் வெங்காயம் எப்போது அம்மியில் ஏற வேண்டும் என்று யாருக்கும் தெரிந்துவிடாது.

1970-களில் எங்கள் வீட்டுக்கு மின்சார மசாலா மெஷின் வந்தது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். குழவி இழுத்து இழுத்துத் தோக்கின் வலது தோள் தூக்க முடியாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்; அந்த வேலையை எந்தப் பெண்ணும் திரும்பச் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட எனக்கு மனமில்லை. பெட்டியில் வரும் தேங்காய்ப்பால், பாக்கெட் கெரிசிக் எல்லாம் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு உதவி. போனது வேறு. மெஷினில் தண்ணீர் விட்டால்தான் அரைபடும்; அந்தத் தண்ணீர் வற்றும்வரை கூடுதல் நேரம் வதக்க வேண்டும் என்று அடுத்த தலைமுறைக்குச் சொல்லப்படவில்லை. பாக்கெட் கெரிசிக்கைச் சட்டியில் ஒருமுறை சூடுகாட்டிப் போட்டால் மணம் திரும்பும் என்றும் சொல்லப்படவில்லை. பழைய முறை தெரிந்தவர்கள் புதிய சாமானுக்கு ஏற்ப அதை மாற்றிக்கொடுப்பதுதான் இந்தச் சமையலின் வரலாறு முழுக்க நடந்தது. மிளகாய்க்கும் முந்திரிக் கொழுந்துக்கும் மரவள்ளிக்கும் அதைத்தான் செய்தார்கள். இந்த முறை அந்தச் சங்கிலி அறுந்துகொண்டிருக்கிறது. சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களுக்கு எண்பது வயதாகிவிட்டது, கேட்க வேண்டியவர்கள் கோலாலம்பூரில் அடுக்குமாடியில் இருக்கிறார்கள்.

எனவே இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இன்னும் அடுப்படியில் நிற்கிற ஒரு தோக், ஒரு பாட்டி, ஒரு நென்னெக் இருந்தால், வரும் பெருநாளுக்குச் சாப்பிட மட்டும் போகாதீர்கள். முந்திய நாளே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை கரண்டி என்று கேட்டால் அவர்கள் சொல்லமாட்டார்கள். எது முதலில், எது கடைசியில், என்ன நிறம், என்ன வாடை, எப்போது நிறுத்த வேண்டும், யாரிடம் கற்றீர்கள், எந்தச் சாமான் கிடைக்காத காலத்தில் எதைப் போட்டீர்கள் என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள், பிறகு தாளிலும் எழுதுங்கள். தமிழிலோ மலாயிலோ, எது வருகிறதோ அதில். என் பேத்திகளுக்காக நான் எழுதிவரும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் தோக்கின் முழுப் பெயரும், அவருக்குக் கற்றுக்கொடுத்த அவர் தாயாரின் பெயரும் இருக்கின்றன. நீங்களும் பெயரை எழுத மறந்துவிடாதீர்கள்.